பூவைத் தெரியும்... செடியைத் தெரியுமா? செங்காந்தளை அடையாளம் காண எளிய வழிகள்!

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மதுரையிலிருந்து அழகர்கோவிலுக்குப் போகிறவர்கள், அடிவாரத்தில் கள்ளழகரைக் கும்பிட்டுவிட்டு பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் மலைப்பாதையில் ஏறும்போது ஜன்னல் பக்கம் கொஞ்சம் கவனம் வைக்கலாம். மழையில் குளித்த பச்சைப் புதர்களுக்கு நடுவே, யாரோ தீக்குச்சியைக் கொளுத்தி வைத்ததுபோல ஒரு பூ தெரியக்கூடும். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. இதழ்கள் எல்லாம் மேல்நோக்கி வளைந்து, நெளிந்து, நெருப்பு எரிவது போலவே இருக்கும்.

அதுதான் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். பள்ளிப் பாடப்புத்தகத்தில் படம் பார்த்திருப்போம். பொது அறிவுத் தேர்வுகளில் கேள்வியாகச் சந்தித்திருப்போம். பூவைப் பார்த்ததும் 'அட, இது நம்ம ஸ்டேட் ஃப்ளவராச்சே' என்று பலருக்கும் சொல்லத் தெரியும்.

ஆனால், அதே இடத்தில் ஆடி மாதம் போய் நின்றால்? பூ இருக்காது. ஒரு பச்சைக் கொடி மட்டும் புதரைப் பற்றி ஏறிக்கொண்டிருக்கும். சித்திரையில் போனால் அந்தக் கொடியும் இருக்காது. மண்ணுக்கடியில் ஒரு கிழங்கு மட்டும் தூங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கொடியையும் கிழங்கையும் காட்டி 'இது என்ன?' என்று கேட்டால், பூவைச் சரியாகச் சொன்னவர்களில் பலர் தடுமாறிவிடுவார்கள்.

தடுமாறினால் என்ன என்கிறீர்களா? இந்தச் செடியின் வேர் முதல் விதை வரை எல்லாமே விஷம். கிழங்கிலும் விதையிலும் அது அதிகம். சாப்பிடுகிற கிழங்கு என்று தவறாக நினைத்து இதைத் தின்று மருத்துவமனைக்குப் போனவர்களின் கதைகள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதனால் செங்காந்தளைப் பூ இல்லாத நாளிலும் அடையாளம் காணத் தெரிந்திருப்பது ஒரு பாதுகாப்பு விஷயம்.

நல்ல செய்தி என்னவென்றால், அது ஒன்றும் கஷ்டமில்லை. தாவரவியல் படித்திருக்க வேண்டியதும் இல்லை.

பெயரிலேயே இருக்கிறது விடை

இந்தச் செடிக்குத் தமிழில் இருக்கும் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். செங்காந்தள், கார்த்திகைப்பூ, கலப்பைக் கிழங்கு, கண்வலிக்கிழங்கு, தலைச்சுருளி, பற்று, தோன்றி, அக்கினிச்சலம்.

கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால், இவற்றில் பல பெயர்கள் வெறும் பெயர்கள் அல்ல, அடையாளக் குறிப்புகள் என்பது புரியும்.

இலையின் தலைப்பகுதி சுருண்டிருப்பதால் தலைச்சுருளி. அந்தச் சுருளால் பக்கத்துச் செடியைப் பற்றிக்கொண்டு ஏறுவதால் பற்று. கிழங்கு ஏர்க்கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு. மழை பெய்ததும் மண்ணைப் பிளந்துகொண்டு திடீரென்று தோன்றுவதால் தோன்றி. கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ. தீக்கொழுந்து போலத் தெரிவதால் அக்கினிச்சலம். பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று கிராமங்களில் ஒரு நம்பிக்கை உண்டு. கண்வலிக்கிழங்கு என்ற பெயருக்கு அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

இலை, கிழங்கு, பருவம், நிறம் என ஒரு செடியை அடையாளம் காணத் தேவையான முக்கியமான தகவல்கள் பெயர்களிலேயே வந்துவிட்டன. காட்டோடு பழகியவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர்கள் இவை. நாம் பெயரை வைத்துக்கொண்டு, பார்ப்பதை விட்டுவிட்டோம்.

தாவரவியலாளர்கள் வைத்த பெயர் 'குளோரியோசா சூப்பர்பா'. 1753-ல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் சூட்டியது. 'புகழ் மிக்க, அற்புதமான' என்று பொருள். அழகாக இருக்கிறதே தவிர, செடியைக் கண்டுபிடிக்க இந்தப் பெயர் உதவாது. அந்த விஷயத்தில் நம் 'தலைச்சுருளி' பல மடங்கு மேல்.

முதலில் பார்க்க வேண்டியது இலை நுனி

செங்காந்தளை அடையாளம் காண ஒரே ஒரு குறிப்பைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். இலையின் நுனியே பற்றுக்கம்பியாக மாறியிருக்கும்.

பாகல், கோவை, பீர்க்கு போன்ற கொடிகளிலும் சுருள் சுருளாகப் பற்றுக்கம்பிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் அங்கே பற்றுக்கம்பி தண்டிலிருந்து, இலைக்காம்புக்குப் பக்கத்தில் தனியாகக் கிளம்பும். பிரண்டையிலும் தண்டின் கணுவிலிருந்துதான் வரும். செங்காந்தளில் அப்படித் தனிக் கம்பி கிடையாது. இலை ஈட்டி மாதிரி நீண்டு, ஒடுங்கி, ஒடுங்கி, கடைசியில் அதே இலைதான் நூலாகி வாட்ச் ஸ்பிரிங் போலச் சுருண்டுவிடும்.

அடுத்தது இலையின் நரம்பு. வெற்றிலையைப் போல வலைப்பின்னல் நரம்பு இதில் இல்லை. மூங்கில் இலை, மக்காச்சோள இலை போல அடியிலிருந்து நுனி வரை இணைகோடுகளாக ஓடும். இலைக்குக் காம்பு என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. தண்டிலேயே நேராக ஒட்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இளம் கொடியில், அதுவும் கீழ்ப்பகுதி இலைகளில், நுனிச் சுருள் இல்லாமலும் இருக்கலாம். அதனால் ஒரே ஓர் இலையைப் பார்த்து 'சுருள் இல்லை, இது வேற செடி' என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கொடியின் மேல்பகுதி வரை பார்க்க வேண்டும்.

பூ வந்துவிட்டால் சந்தேகமே இல்லை

பூவை அடையாளம் காண்பது சுலபம்தான். ஆனாலும் ஒரு குழப்பம் பலருக்கும் வரும். ஒரே கொடியில் ஒரு பூ பச்சை கலந்த மஞ்சளாகவும், இன்னொன்று பாதி மஞ்சள் பாதி சிவப்பாகவும், மற்றொன்று முழுச் சிவப்பாகவும் இருக்கும். இரண்டு மூன்று கொடிகள் பின்னிக் கிடக்கின்றனவோ என்று தோன்றும்.

எல்லாம் ஒன்றுதான். வயதுதான் வேறு. மொட்டு பச்சையாகத் தலைகவிழ்ந்து தொங்கும். விரியத் தொடங்கும்போது மஞ்சள் படியும். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கும். நாளாக ஆக முழுப் பூவும் செக்கச் செவேல் என்று ஆகிவிடும். நிறத்தைப் பார்த்தே அது புதுப்பூவா, பழைய பூவா என்று சொல்லிவிடலாம்.

பூவில் கவனிக்க வேண்டியவை:

* 6 இதழ்கள். ஒவ்வொன்றும் குறுகி நீண்டு, ஓரம் அலை அலையாக நெளிந்திருக்கும்.
* பின்னோக்கி மடிந்த இதழ். பூ கீழே பார்த்துத் தொங்கும். ஆனால் இதழ்கள் மட்டும் திரும்பி மேலே எழும். காற்றில் குடை மடங்கிப்போனால் எப்படி இருக்கும், அப்படி.
* 6 மகரந்தத் தாள்கள். இதழ்களுக்குக் கீழே, சக்கரத்தின் ஆரக்கால்கள் போல வெளிப்பக்கம் விரிந்து நிற்கும்.
* வளைந்த சூல்தண்டு. இதுதான் உறுதியான அடையாளம். பூவின் நடுவிலிருந்து கிளம்பும் சூல்தண்டு நேராக நீளாமல், அடியிலேயே முழங்கை மடக்கியதுபோலச் செங்கோணத்தில் திரும்பி ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனி 3 கிளைகளாகப் பிரிந்திருக்கும்.

தூரத்திலிருந்து பார்க்கும்போது பூங்காக்களிலும் வீட்டு வாசலிலும் வளர்க்கும் மயில்கொன்றைப் பூவையும் சிலர் இதுவென்று நினைக்கலாம். அதிலும் சிவப்பு, மஞ்சள் இரண்டும் உண்டு. பக்கத்தில் போனால் வித்தியாசம் தெரிந்துவிடும். மயில்கொன்றை கொடி அல்ல, சிறு மரம் போன்ற புதர். இலை புளிய இலை மாதிரி சின்னச் சின்னதாக அடுக்கியிருக்கும். பூவில் 5 இதழ்கள்தான். நீளமான மகரந்தத் தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

பூ உதிர்ந்த பிறகு பச்சை நிறத்தில் நீளவாக்கில் காய் வரும். உள்ளே 3 அறைகள். முற்றிக் காய்ந்ததும் வெடித்து, ஆரஞ்சு சிவப்பு நிறத்தில் உருண்டை உருண்டையாக விதைகள் தெரியும். குழந்தைகளுக்குப் பாசிமணி போலத் தோன்றும் நிறம். இங்கேதான் பெரியவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

கிழங்கு... இங்கேதான் ஆபத்து!

கலப்பை என்ற பெயருக்கு ஏற்ப, செங்காந்தள் கிழங்கு கவட்டைக் குச்சி மாதிரி இரு பிரிவாக இருக்கும். விரல் கனத்திலிருந்து அதற்குச் சற்றுக் கூடுதலாக, உருளை வடிவில், முனை ஒடுங்கியிருக்கும். வெளியே பழுப்பு, உள்ளே வெள்ளை.

முழுதாகக் கையில் கிடைத்தால் கண்டுபிடித்துவிடலாம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், தோண்டும்போது கவட்டை உடைந்து ஒரு பக்கம் மட்டும் வந்தால்தான். அப்போது அது மெலிந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு போலவோ, காட்டு வள்ளிக்கிழங்கு போலவோதான் தெரியும். கொடி காய்ந்து, இலையும் இல்லாத கோடைக்காலமாக இருந்தால் வேறு அடையாளமும் கிடைக்காது.

எனவே, கிழங்கைப் பார்த்து முடிவு செய்யாமல் கொடியைப் பார்த்து முடிவு செய்வதே சரி. வித்தியாசம் இதுதான்:

* சர்க்கரைவள்ளி: தரையில் படரும். இலை இதய வடிவத்திலோ, விரல் விரலாகப் பிரிந்தோ இருக்கும். நீளமான இலைக்காம்பு உண்டு. பற்றுக்கம்பி கிடையாது. பூ, புனல் வடிவத்தில் வெளிர் ஊதாவாக இருக்கும்.
* வள்ளிக்கிழங்கு வகைகள்: தண்டே கம்பைச் சுற்றிச் சுற்றி ஏறும். பெரும்பாலும் இதய வடிவ இலை. காம்பு உண்டு. இலை நுனி கூராக இருக்கும், ஆனால் சுருளாது.
* தண்ணீர்விட்டான்: இலை ஊசி ஊசியாக மெல்லியதாக இருக்கும். தண்டில் முள் உண்டு. கிழங்குகள் கொத்தாக இருக்கும்.
* செங்காந்தள்: தண்டு கம்பைச் சுற்றாது. காம்பில்லாத நீண்ட இலையின் நுனி மட்டும் சுற்றிப் பிடிக்கும்.

கொடி இல்லை, இலை இல்லை, வெறும் கிழங்குத் துண்டு மட்டும்தான் இருக்கிறது என்றால்? அதற்கு ஒரே பதில், தொட வேண்டாம். வாயில் வைத்துச் சுவைத்துப் பார்த்து முடிவு செய்யும் பழக்கமும் வேண்டவே வேண்டாம். வேகவைத்தால் விஷம் போய்விடும் என்றும் நம்பக் கூடாது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

செங்காந்தளில் இருக்கும் முக்கிய நச்சுப்பொருள் கால்சிசின். 1820-ல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்டியே, கவான்டு இருவரும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஐரோப்பியச் செடியிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்த பொருள் இது.

நம் உடலின் செல்கள் ஓயாமல் இரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கின்றன. கால்சிசின் அந்தப் பிரிவை நடுவழியில் நிறுத்திவிடும். எந்த செல்கள் வேகமாகப் பிரிகின்றனவோ, அவைதான் முதலில் அடிவாங்கும். குடலின் உட்சுவர், ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை, முடியின் வேர்க்கால் ஆகிய மூன்றிலும் செல் பிரிவு வேகமாக நடக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் அறிகுறிகளும் புரிந்துவிடும்.

முதலில் குடல். சாப்பிட்ட சில மணி நேரத்தில் தொண்டை எரிச்சல், வயிற்று வலி, கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு. பலரும் இதைச் சாதாரண ஃபுட் பாய்சன் என்று நினைத்துவிடுவார்கள். இரண்டொரு நாளில் வாந்தி குறைந்து, சரியாகிவிட்டதுபோலக்கூடத் தோன்றலாம். ஆனால் அதே நாட்களில்தான் எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், கல்லீரல், இதயம் என்று பாதிப்பு ஆழமாகப் பரவும். உயிராபத்து இந்தக் கட்டத்தில்தான் அதிகம். பிழைத்தவர்களுக்குச் சில வாரங்களில் முடி கொட்டும். இலங்கையில் இந்தக் கிழங்கைச் சாப்பிட்டுப் பிழைத்த ஓர் இளம்பெண்ணுக்கு உடல் முழுக்க முடி கொட்டியதை 1966-லேயே 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' பதிவுசெய்திருக்கிறது.

உடனே என்ன செய்ய வேண்டும்?

* வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். சாப்பிட்டது தெரிந்த நிமிடமே 108-ஐ அழையுங்கள். அல்லது அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மதுரைக்காரர்களுக்கு அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது.
* உப்புக் கரைசல் கொடுத்தோ, தொண்டைக்குள் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். நாட்டு வைத்தியம் செய்து நேரத்தை வீணாக்கவும் வேண்டாம்.
* மீதமிருக்கும் கிழங்கு, இலை, விதை எதுவாக இருந்தாலும் ஒரு கவரில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எடுக்க முடியாவிட்டால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட்டார் என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.
* வாந்தி நின்றுவிட்டது என்பதற்காக, டாக்டர் சொல்வதற்கு முன் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டாம்.

கால்சிசின் விஷத்தை முறிக்கும் மாற்று மருந்து சாதாரணமாகக் கிடைப்பதில்லை. உடலைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சைதான் நோயாளியைக் கரையேற்ற வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

விஷமே மருந்தாகும் கதை

இத்தனையும் படித்துவிட்டு, இந்தச் செடியைக் கண்டாலே வெட்டிப் போட வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இதே கால்சிசின்தான், டாக்டர் அளந்து கொடுக்கும் மிகச் சிறிய அளவில், கீல்வாதத்தின் ஒரு வகையான 'கவுட்' வலிக்கு மருந்து. தசைப்பிடிப்புக்கும் முதுகு வலிக்கும் எழுதிக்கொடுக்கும் தயோகால்சிகோசைட் என்ற மருந்தின் மூலப்பொருளும் செங்காந்தள் விதையிலிருந்து கிடைக்கிறது. செல் பிரிவை நிறுத்தும் இதன் குணத்தைத் தாவர ஆராய்ச்சியாளர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். இன்று கடையில் வாங்கும் விதையில்லாத் தர்ப்பூசணி உருவானதற்குப் பின்னால் கால்சிசினுக்கு ஒரு பங்கு உண்டு.

மதுரைக்குப் பக்கத்திலேயே, திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரம், திருப்பூர் மாவட்டத்து மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் கண்வலிக்கிழங்கு ஒரு பணப்பயிர். கம்பி கட்டியும் முள் படல் அமைத்தும் கொடியை ஏற்றி விடுவார்கள். விற்பனைக்குப் போவது பெரும்பாலும் விதைதான். வெளிநாட்டு மருந்து நிறுவனங்கள் வரை போகிறது.

அந்தத் தோட்டங்களில் காலை நேரத்தில் ஒரு வேலை நடக்கும். ஆட்கள் பூப்பூவாகப் போய், மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டு வைப்பார்கள். ஏன் தெரியுமா? செங்கோணத்தில் திரும்பிய சூல்தண்டு என்று மேலே பார்த்தோமே, அதுதான் காரணம். தன் பூவின் மகரந்தம் தன் மேலேயே விழாமல் இருக்க, செடி சூல்தண்டை அப்படி விலக்கி வைத்துக்கொள்கிறது. காட்டில் பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் வந்து மகரந்தத்தைச் சேர்க்கும். தோட்டத்தில் அவற்றை நம்பி விளைச்சலை விட முடியாது என்பதால் மனிதக் கை அந்த வேலையைச் செய்கிறது.

செல்போனில் படம் எடுத்தால் போதுமா?

இப்போது எல்லாருடைய போனிலும் படத்தைக் காட்டினால் செடியின் பெயரைச் சொல்லும் வசதி வந்துவிட்டது. கூகுள் லென்ஸ் இருக்கிறது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் படத்தை ஏற்றினால் செடிகளைத் தெரிந்தவர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். செங்காந்தள் பூ போலத் தனித்த வடிவம் கொண்ட பூவுக்கு இவை நன்றாகவே உதவும்.

ஆனால், பூ இல்லாத கொடியின் மங்கலான ஒரு படத்தையோ, கிழங்குத் துண்டின் படத்தையோ காட்டினால் வரும் பதிலை நம்பிவிட முடியாது. 'சாப்பிடலாமா, கூடாதா' என்ற கேள்விக்கு எந்த ஆப்பின் பதிலையும் நம்பாதீர்கள்.

படம் எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பூவை மட்டும் குளோசப்பில் எடுத்துவிட்டு வந்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. முழுக் கொடி ஒரு படம், இலை அதன் நுனியோடு ஒரு படம், இலை தண்டில் சேரும் இடம் ஒரு படம், பூ பக்கவாட்டில் ஒரு படம், காய் இருந்தால் அதுவும் ஒரு படம். இந்த ஐந்தும் இருந்தால் ஊரில் இருக்கும் ஏதாவது ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டினால்கூடச் சொல்லிவிடுவார்கள்.

தாவரவியலாளர்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் செய்கிறார்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்தை உருவாக்கிய பாதிரியார் கே.எம்.மேத்யூ, தமிழகச் சமவெளிகளிலும் பழனி மலையிலும் அலைந்து செடிகளைச் சேகரித்துப் பெரிய தொகுதிகளாக எழுதிவைத்தார். அத்தகைய நூல்களில் 'திறவுகோல்' என்று ஒரு பகுதி இருக்கும். கொடியா, மரமா? நரம்பு இணையாகவா, வலையாகவா? பற்றுக்கம்பி இருக்கிறதா, இல்லையா? இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் ஒரே ஒரு பெயரில் போய் நிற்கும்.

மாடித் தோட்டத்தில் வளர்க்கிறீர்களா?

அழகுக்காகச் செங்காந்தளைத் தொட்டியில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வளர்க்கலாம், தவறில்லை. சில விஷயங்களில் மட்டும் கவனம் தேவை.

தொட்டியில் பெயர் எழுதி ஒட்டுங்கள். 'விஷம்' என்றும் எழுதுங்கள். கோடையில் கொடி காய்ந்ததும் தொட்டி காலியாக இருப்பதுபோலத் தெரியும். வீட்டில் வேறு யாராவது மண்ணைக் கொட்டிக் கிழங்கை எடுத்துவிட வாய்ப்பு உண்டு. சர்க்கரைவள்ளி, கருணை போன்றவற்றோடு ஒரே பாத்தியில் நட வேண்டாம். எடுத்த கிழங்கையும் விதையையும் சமையலறைப் பக்கம் கொண்டுவரவே கூடாது. குழந்தைகளுக்கும் நாய், ஆடு, மாடுகளுக்கும் எட்டாத இடத்தில் தொட்டியை வையுங்கள். கிழங்கைக் கையாண்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கிழங்கு வேண்டும் என்பதற்காக அழகர்மலையிலோ சிறுமலையிலோ போய்த் தோண்டி எடுக்க வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து செடியை எடுப்பது சட்டப்படி குற்றம். தவிர, கிழங்கைத் தோண்டினால் அடுத்த ஆண்டு அந்த இடத்தில் அந்தக் கொடி இருக்காது.

99 பூக்களில் முதல் பூ

இந்தப் பூவுக்கு மரியாதை செய்யும் ஊர்கள் பல. ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலர் இதுதான். 1947-ல், அப்போது இளவரசியாக இருந்த எலிசபெத்துக்கு 21-வது பிறந்தநாள் பரிசாக அந்த நாட்டிலிருந்து கொடுக்கப்பட்ட வைர புரூச், இந்தப் பூவின் வடிவில் செய்யப்பட்டது. ஈழத்தமிழர்கள் கார்த்திகைப்பூ என்று சொல்லி நவம்பர் மாத நினைவேந்தல்களில் இதை ஏந்துகிறார்கள்.

நமக்கு இந்தப் பூவோடு இருக்கும் உறவு இன்னும் பழையது. சங்க இலக்கியத்தின் பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டில், தினைப்புனம் காக்கப் போன பெண்கள் அருவியில் நீராடி, பூப்பறித்துப் பாறையில் குவித்த காட்சி வருகிறது. அங்கே கபிலர் வரிசையாகச் சொல்லும் 99 பூக்களில் முதலாவதாக நிற்பது செங்காந்தள். அந்த 99-ல் சில பெயர்கள் இன்றைய எந்தச் செடியைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. பெயர் ஏட்டில் தங்கி, பூ எது என்ற அடையாளம் கைநழுவிப் போய்விட்டது.

செங்காந்தளுக்கு அப்படி ஆகவில்லை. முருகனுக்கு உரிய பூ என்று பழந்தமிழ்ப் பாடல்கள் சொல்லும் இந்தக் காந்தள், முருகனின் ஆறாவது படைவீடான பழமுதிர்சோலை இருக்கும் அதே அழகர்மலையில் இன்னமும் பூக்கிறது.

அடுத்த முறை குடும்பத்தோடு மலை ஏறும்போது, பூ பூத்திருந்தால் ஆசை தீரப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பறிக்க வேண்டாம். பூக்காத மாதமாக இருந்தால் இன்னும் நல்லது. புதரில் ஏறும் கொடியைத் தேடி, இலை நுனியில் இருக்கும் சுருளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 'இதுக்குப் பேரு தலைச்சுருளி. பார்க்கலாம், வாயில வைக்கக் கூடாது' என்று சொல்லிவையுங்கள். அந்தப் பிள்ளை அதன் பிறகு எந்த வேலியில் இந்தக் கொடியைப் பார்த்தாலும், பூ இல்லாமலேயே கண்டுபிடித்துவிடும்.